பாட்டில் பாமுக்கு நான் வைத்த உப்பு

எங்கள் வீட்டுக் கேட்டை ஒட்டி ஒரு பாட்டில் பாம் நிற்கிறது, பனை ஜாதி அழகு மரம். மாலை நடைக்குப் போகிற என் வயதுக்காரர்கள் அதைப் பார்த்ததும் நின்றுவிடுகிறார்கள். முழங்காலுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது, மரத்தையும் பார்த்த மாதிரி ஆயிற்று. அடிமரம் குடுவை மாதிரி எப்படித் திரண்டிருக்கிறது, இலை எப்படிப் பளபளவென்று இருக்கிறது, இதற்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். கல் உப்பு என்று சொல்கிறேன். விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். இதில் விளையாட்டு எதுவும் இல்லை.

சின்ன வயதை நினைத்தால் மனம் இளகிவிடுகிறது என்றும் அதே ஆட்கள்தான் சொல்கிறார்கள். எனக்கு அப்படியொன்றும் இளகவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மாவை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்பார்கள். பேசுகிறவர்கள் பேசட்டும், நான் தடுக்கவில்லை.

வாடகை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சட்டம் தெரிந்திருக்கும். தரையில் வைத்த செடி வீட்டுக்காரருக்கு. தொட்டியில் வைத்த செடி குடித்தனக்காரருக்கு. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எழுதி வைத்ததைவிடக் கறாரானது. என் அம்மா இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர். அதற்கு முன்னால் பல்லாவரத்தில் இருந்தபோது ஜாதிமல்லிக் கொடி ஒன்றைத் தரையில் நட்டு, மூன்று வருஷம் தண்ணீர் ஊற்றி, மாடி வரைக்கும் ஏற்றிவிட்டிருந்தாராம். காலி செய்தபோது அந்த வீட்டுக்காரர்கள் ஒரு பதியன்கூடக் கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அதிலிருந்து அம்மா எதையும் தரையில் வைப்பதில்லை. கறிவேப்பிலை உடைந்த பக்கெட்டில், கனகாம்பரம் விரிசல் விட்ட பிளாஸ்டிக் டிரம்மில், துளசி மண் சட்டியில். எங்கள் போர்ஷன் வாசலைப் பார்த்தால் காயலான் கடையில் செடி முளைத்தது போல இருக்கும்.

பாம் வந்தது நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது. எனக்கு மஞ்சள் காமாலை. கண்ணெல்லாம் மஞ்சளாக, உப்பில்லாத கஞ்சியைக் குடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் போகாமல் படுத்திருந்தேன். அப்பா குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அவருடைய மேனேஜர் பங்களாவில் பாட்டில் பாம் வரிசையாக நின்றதாம். அடியில் விதை விழுந்து தானாக முளைத்த கன்று ஒன்றைத் தோட்டக்காரரிடம் கேட்டு வாங்கி, பால் கவரில் மண்ணோடு போட்டுக்கொண்டு வந்தார். இரண்டே இரண்டு இலை. தோல் கம்பெனி வாடை அப்பாவின் சட்டையில் எப்போதும் இருக்கும். அன்றைக்குச் செடியிலும் இருந்தது. "இது வளரவே வளராது, ரொம்ப மெதுவா வளரும். நீதான் பாத்துக்கணும்" என்று என் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அப்போதெல்லாம் பாட்டில் பாம் பணக்கார வீட்டு மரம். கார் நிற்கிற வீட்டில்தான் பாம் நிற்கும். நம் வீட்டிலும் அது ஒன்று இருக்கிறது என்பதே எனக்குப் பாதிக் காய்ச்சலைக் குறைத்துவிட்டது.

உடம்பு தேறியதும் அதைப் பதினைந்து கிலோ எண்ணெய் டின்னுக்கு மாற்றினோம். அப்பா டின்னின் தலையை வெட்டி, அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, எங்கேயோ மிச்சமான பச்சைப் பெயின்ட்டை மேலே அடித்தார். இரண்டு செங்கல் போட்டு அதன்மேல் டின்னைத் தூக்கி வைத்தார். செங்கல் அம்மாவின் ஏற்பாடு. டின் தரையைத் தொடக் கூடாது என்பதில் அம்மா கண்ணும் கருத்துமாக இருந்தார்.

பாட்டில் பாமிடம் ஒரு பிடிவாதம் உண்டு. எப்போதும் நாலைந்து இலைதான் வைத்திருக்கும். புதிதாக ஒன்று குருத்தாக எழும்பி, ஈட்டி மாதிரி நின்று, விரியும். அது விரிந்ததும் அடியில் கிழது ஒன்று பழுத்து விழும். நான் தினமும் எண்ணுவேன். அரிசி கழுவின தண்ணீர் முழுவதும் அதற்குத்தான். போர் தண்ணீர் ஊற்றினால் மண்மேல் வெள்ளையாகப் படர்ந்துவிடும் என்பதால், மழை பெய்யும்போது குண்டானை வெளியே வைத்துப் பிடித்து வைப்பேன். கல் குவாரி லாரிகள் போகிற தெரு, தூசி அப்படி வரும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பாவின் கிழிந்த பனியனை நனைத்து ஒவ்வோர் ஓலையாகத் துடைப்பேன். துடைத்து முடித்ததும் டின்னைக் கால் சுற்று திருப்பி வைப்பேன். திருப்பாவிட்டால் வெயில் வரும் பக்கமே சாய்ந்து கோணலாக வளரும் என்று மேனேஜர் வீட்டுத் தோட்டக்காரர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை, என் பிறந்த நாளன்று, பின்னால் இருந்த காம்பவுண்ட் சுவரில் ஆணியால் ஒரு கோடு கிழித்து அதன் உயரத்தைக் குறிப்பேன். என் உயரத்தையும் பக்கத்திலேயே குறிப்பேன். நான்தான் எப்போதும் முன்னால் இருந்தேன்.

இப்போது வீட்டுக்காரம்மாவுக்கு வருகிறேன். அந்த ஊரின் பூர்வீகக் குடும்பம். ஏரிக்கரையில் நெல் விளைந்த நிலத்தையெல்லாம் பிளாட் போட்டு விற்றுவிட்டு, மிச்ச மனையில் வரிசையாக நாலு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். அவர் புருஷன் நாள் முழுக்க டீக்கடையில் நிலம் வாங்க வருகிற ஆட்களோடு உட்கார்ந்திருப்பார். வீட்டில் எல்லாம் அந்தம்மா வைத்ததுதான் சட்டம். உயரமான ஆள், கணுக்கால் தெரியப் புடவையைத் தூக்கிச் செருகியிருப்பார், வாயில் எப்போதும் வெற்றிலை. சுவர் ஓரமாக ஐந்து தென்னை மரம் இருந்தது. அவற்றைப் பெற்ற பிள்ளைகளைப் போலப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகளைவிட நன்றாகவே பார்த்துக்கொண்டார் என்று அவருடைய பிள்ளைகளே சொல்வார்கள். தன்னை ஆன்ட்டி என்று கூப்பிட வேண்டாம், அத்தை என்று கூப்பிடு என்று என்னிடம் சொல்லியிருந்தார். நானும் வாய் நிறைய அத்தை என்று கூப்பிட்டுத் தொலைத்தேன்.

என் பாமை அவர் முதலில் கண்டுகொள்ளவே இல்லை. காய்க்காத மரத்தை எதற்கு வளர்க்கிறார்கள் என்று அம்மாவிடம் சிரித்தார். அடிமரம் திரண்டு குடுவை வடிவம் வந்த பிறகுதான் அவர் பார்வை மாறியது. குழாயடிக்குப் பக்கத்தில் இருந்தால் சோப்புத் தண்ணீர் படும், கேட் ஓரமாக வைத்தால் நிழலாக இருக்கும் என்று அவரே சொல்லி, அவரே ஆள் விட்டு நகர்த்தி வைத்தார். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது வந்த பொங்கலுக்கு, வாசலில் அடுப்பு வைக்கச் செங்கல் போதவில்லை என்று டின்னுக்கு அடியில் இருந்த இரண்டையும் உருவிக்கொண்டு போனார். பண்டிகை முடிந்ததும் தருவதாகச் சொன்னார். அந்த இரண்டு செங்கலும் திரும்பவே இல்லை. அம்மா இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்கக் கூச்சப்பட்டார். செங்கலுக்காக வீட்டுக்காரரிடம் மல்லுக்கு நிற்க முடியுமா என்று அப்பா வேறு சொன்னார்.

இது நடந்து கொஞ்ச நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் டின்னைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அவர் பின்னால் வந்து நின்றார்.

"அத ஏன்டி வாரா வாரம் திருப்பிக்கினே கீற? அதுக்குத் தல சுத்தாது? ஒரே எடத்துல நிம்மதியா நிக்க உடு. அப்பறம் பாரு, எப்படி வளருதுன்னு."

மரம் வளர்த்த கை, சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். திருப்புவதை நிறுத்தினேன். அவர் சொன்னபடியே ஆயிற்று. ஐந்து வருஷத்தில் வளராத வளர்ச்சி அந்த ஒரு வருஷத்தில் வளர்ந்தது. இலை அகலமாயிற்று, அடிமரம் டின்னை நெருக்கியது. சுவரில் அது என்னை எட்டிப் பிடித்தது. நடுவில் ஒரு நாள் கூட்டிப் பெருக்கும்போது டின்னைத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. அவ்வளவு கனமாகிவிட்டது, அவ்வளவு நன்றாக வளர்த்திருக்கிறேன் என்று பூரித்துப் போனேன். அந்தப் பூரிப்பை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தச் சமயத்தில் அப்பா கோவிலம்பாக்கத்தில் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டினார். கட்டினார் என்றால் இரண்டு அறை, ஒரு சமையல் கட்டு, பூசாத வெளிச்சுவர். சுற்றிலும் அப்போது வயலும் முள்ளுச் செடியும்தான். ஆனாலும் சொந்த வீடு. கேட்டுக்கு உள்ளே சிமெண்ட் தரை போடும்போது, ஒரு மூலையில் மட்டும் இரண்டடிக்கு இரண்டடி சதுரமாக மண்ணை விட்டுவைக்கச் சொல்லியிருந்தார். பாமுக்கு. முதல் முறையாக நாங்கள் தரையில் வைக்கப்போகிற செடி அது. அம்மா அந்தச் சதுரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, யாரும் கேட்க முடியாது என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

நான் ஒன்பதாம் வகுப்பு முடித்த மே மாதம் காலி செய்தோம். டெம்போ வந்து நின்றது. பீரோ, கட்டில், கிரைண்டர், பக்கெட்டும் டிரம்மும் சட்டியும் எல்லாம் ஏறியாயிற்று. கடைசியாகப் பாம். இரண்டு ஆள் டின்னைப் பிடித்துத் தூக்கினார்கள். டின்னின் பக்கவாட்டுத் தகடு கையோடு பெயர்ந்து வந்தது, மரம் வரவில்லை. குனிந்து பார்த்தால் அடித்தகடு என்று ஒன்று இல்லவே இல்லை. துருப்பிடித்து உதிர்ந்து, விரல் தடிமனில் வேர் வேராக நேரே தரைக்குள் இறங்கியிருந்தது.

ஆட்கள் கடப்பாரை கேட்டார்கள். வீட்டுக்காரம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாக வந்தார். குனிந்து பார்த்தார். எனக்கு அந்த முகம் நன்றாக நினைவிருக்கிறது, அதில் ஆச்சரியம் இல்லை.

"வேரு எங்க கீதோ மரம் அங்க. டின்னுல கீற வரைக்கும் உங்களுது. மண்ணுல எறங்கிட்டா எங்களுது. அதானே மொற?"

அம்மா செங்கலைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அழுகைதான் வந்தது. நான் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அத்தைதான் திருப்ப வேண்டாம் என்றார், வேண்டுமென்றே சொன்னார் என்று கத்தினேன். நாலு போர்ஷன் ஆட்களும் வேடிக்கை பார்த்தார்கள். அப்பா என் கையைப் பிரித்து எடுத்தார். "விடும்மா, ஒரு செடிதானே. வெச்சுக்கோங்கம்மா, நீங்களே வெச்சுக்கோங்க" என்றார்.

அவர் மரமா அது, எடுத்துக் கொடுக்க? வீட்டுக்காரம்மா மேல் வந்த கோபத்தில் சரிபாதி அப்பா மேல் வந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. டெம்போவில் கிரைண்டர் மேல் உட்கார்ந்து, திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த மரத்தைச் சாகடிக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். எனக்கில்லாதது அவருக்கும் இருக்கக் கூடாது. பதினாலு வயதில் இதைவிடத் தெளிவாக நான் எதையும் நினைத்ததில்லை.

வழியும் தானாகவே கிடைத்தது. பத்தாம் வகுப்பு என்பதால் பள்ளிக்கூடம் மாற்றவில்லை, பஸ் பிடித்துத் தாம்பரத்துக்கே போய்வந்தேன். எங்களுக்கு வருகிற கடிதமெல்லாம் பழைய விலாசத்துக்கே போய்க்கொண்டிருந்தது. சனிக்கிழமை அரை நாள் பள்ளி விட்டதும் அந்த வீட்டுக்குப் போய்க் கடிதங்களை வாங்கி வருவது என் வேலை என்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அம்மாவுக்கு ஆச்சரியம். கோபமெல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

முதல் சனிக்கிழமை போனபோது டின்னின் மிச்சத்தைக் கழற்றிவிட்டு, சுற்றிலும் செங்கல் பதித்து, காவியும் சுண்ணாம்பும் அடித்து அலங்காரம் செய்திருந்தார்கள். பதித்த செங்கலில் எங்களுடைய இரண்டும் கட்டாயம் இருந்திருக்கும். கேட்டில் நின்ற யாரோ ஒரு பெண்ணிடம், சின்னக் கன்றாக இருந்ததிலிருந்து வளர்க்கிறோம் என்று அந்தம்மா சொல்லிக்கொண்டிருந்தார். நான் அங்கே நிற்கும்போதே சொன்னார்.

உப்பு பட்டால் செடி கருகும் என்பது எனக்குத் தெரியும். ஊறுகாய் ஜாடி கழுவின தண்ணீரை அம்மா கொட்டுகிற இடத்தில் புல் முளைத்ததே இல்லை. சமையல் கட்டிலிருந்து இரண்டு கை கல் உப்பை எடுத்து, கைக்குட்டையில் முடிந்து, ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்து எடுத்துப் போனேன். கடிதத்தை எடுத்து வர அவர் உள்ளே போவார், வர ஐந்து நிமிஷம் ஆகும். அதற்குள் ஒரு கையைக் குருத்தின் இடுக்கில் கொட்டி, இன்னொரு கையை வேரடியில் தூவி, கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்வேன். குருத்து ஒன்றுதான் அதற்கு உயிர், அது போனால் மறு கிளை கிடையாது என்று எனக்குத் தெரியும். வளர்த்தவளுக்குத்தானே எங்கே குத்த வேண்டும் என்று தெரியும்.

ஒரு சனிக்கிழமைகூட விடவில்லை. உப்பு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதே என்று அம்மா மளிகைக் கடைக்காரரைச் சந்தேகப்பட்டார். ஒவ்வொரு வாரமும் பஸ்ஸை விட்டு இறங்கும்போது இன்றைக்கு ஓலை கருகியிருக்கும், இன்றைக்குக் குருத்து சாய்ந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே நடப்பேன். போய்ப் பார்த்தால் போன வாரத்தைவிடப் பச்சையாக நிற்கும். காலாண்டு போய் அரையாண்டும் வந்துவிட்டது. மரம் அசையவில்லை. அந்தம்மா கடிதத்தை நீட்டிக்கொண்டே ஒரு நாள் சொன்னார்.

"நீ வந்துட்டுப் போனாலே மரத்துக்குக் குளுந்துடுதுடி. வளத்தவ கை ராசி."

அன்றைக்கு பஸ்ஸில் வழி நெடுக அழுதேன்.

தை மாதம் போனபோது தென்னைக்கு மரமேறி வந்திருந்தார். மட்டையெல்லாம் கழித்துப் போட்டுவிட்டு, இடுப்பில் ஒரு சின்னப் பையைக் கட்டிக்கொண்டு மறுபடி ஏறினார். கீழே நின்ற அந்தம்மா பொட்டலம் பொட்டலமாக எதையோ கொடுத்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கல் உப்பும் மணலும். குருத்துக்குப் பக்கத்து இடுக்கில் அதை வைத்தால் காண்டாமிருக வண்டு ஏறாதாம். வேரில் உப்பு போட்டால் மரம் கருகருவென்று வருமாம். தலைமுறை தலைமுறையாகத் தென்னைக்குச் செய்வதுதானாம், மரமேறி மேலே இருந்தே விளக்கினார். ஏழு மாதம் நான் வைத்தது விஷம் இல்லை, வைத்தியம். வைத்த இடம்கூடச் சரியாக இருந்திருக்கிறது. கைக்குட்டை முடிச்சு அன்றைக்கும் ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்தது. தெருமுனைச் சாக்கடையில் வீசிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். தபாலாபீஸில் விலாசம் மாற்ற எழுதிக் கொடுக்கும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

இதோடு முடிந்திருக்க வேண்டிய கதை. எங்கள் வீட்டில் அந்தச் சதுரம் மட்டும் அப்படியே இருந்தது. அப்பா வேறு செடி வைக்கவும் இல்லை, சிமெண்ட் போட்டு மூடவும் இல்லை. மழையில் அதில் தண்ணீர் தேங்கும், கோடையில் தெரு நாய் படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் கேட்டைத் திறக்கும்போது அது கண்ணில் படும். அப்பாவும் பார்ப்பார், நானும் பார்ப்பேன், பேசிக்கொள்ள மாட்டோம். அன்றைக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருக்கலாம் என்று அவருக்கு இருந்திருக்கும். இது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

எட்டு வருஷம் கழித்து, சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு சர்வேயரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். டேப்பின் மறுமுனையைப் பிடிப்பதும் நோட்டில் குறிப்பதும் என் வேலை. கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த தெருவை அகலப்படுத்தப்போகிறார்கள் என்று அளக்கும் வேலை எங்கள் சாருக்கு வந்தது. பழைய வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். அந்த வீட்டுக் காம்பவுண்ட் மூன்றடிக்கு மேல் தெருவுக்குள் வந்திருந்தது. பாம் நின்றது அந்த மூன்றடியில்.

நான் ஓர் அங்குலம்கூடக் கூட்டவில்லை. கூட்டத் தேவையே இருக்கவில்லை. டேப்பை இழுத்துப் பிடித்து, சிவப்புப் பெயின்ட்டால் மரத்துக்கு இந்தப் பக்கம், வீட்டுப் பக்கமாக, ஒரு கோடு போட்டேன். அந்தம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முடி நரைத்து, பல் போய், ஆள் பாதியாகியிருந்தார். மரம் அவர் தலைக்கு மேல் ஓலை விரித்து நின்றது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்று நினைத்தேன். எட்டு வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"வேர் எங்க இருக்கோ மரம் அங்க அத்தை. ரோட்டு மண்ணுல எறங்கியிருக்கு. அதானே முறை?"

கோபம் வரும், சாபம் விடுவார் என்று காத்திருந்தேன். சிரித்தார்.

"உப்பு வெச்ச பொண்ணுதானே நீ? சன்னல்லேர்ந்து பாத்துக்கினுதானே இருந்தேன். எங்க மரமேறிகூட அவ்ளோ ஒழுங்கா வெச்சதில்ல."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. கடிதம் எடுக்க ஐந்து நிமிஷம் ஏன் ஆயிற்று என்று அப்போதுதான் விளங்கியது. என் பகையைக்கூட வேலைக்கு வைத்துக்கொண்ட பொம்பளை. மரத்தை இப்போதே எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொன்னேன். எடுப்பதில் தடை ஒன்றும் இல்லை, இருந்தாலும் வேலை தொடங்க மூன்று மாதம் ஆகும், அவசரம் என்ன என்று சார் கேட்டார். அந்தம்மாவும் சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எடுத்துக்கினு போறதுன்னா போ. ஆனா இப்ப வோணாம். இன்னைக்கு ஒரு பக்கம் மட்டும் பள்ளம் தோண்டி வேர வெட்டி உடு. அடுத்த மாசம் மறுபக்கம். மழ உழுந்தப்பறம் தூக்கு. இந்த வெயில்ல நோண்டினா குருத்து செத்துடும்."

மறுபடியும் தலை சுற்றுகிற கதை என்று நினைத்தேன். மூன்று மாதம் அவகாசம் கிடைத்தால் எந்தக் கவுன்சிலரைப் பிடித்துக் கோட்டை நகர்த்துவாரோ. இந்த வாயை நம்பித்தானே முதல் தடவை ஏமாந்தேன். அன்று மதியமே இரண்டு ஆளையும் ஒரு மினி லாரியையும் கூட்டி வந்தேன். அவர் கண் முன்னால் தோண்ட வேண்டும், அவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. சுற்றி அகலமாகத் தோண்ட நேரமாகும் என்று ஒட்டித் தோண்டச் சொன்னேன். வேர்கள் கடப்பாரையில் பட்டுப் பட்டுத் தெறித்தன. வேரடியில் என் டின்னின் அடி விளிம்பு ஒரு சதுரச் சட்டமாகத் துருப்பிடித்துக் கிடந்தது, அதையும் எடுத்துக்கொண்டேன். ஓலையைச் சேர்த்துக் கட்டு, ஈரச் சாக்கு சுற்று என்று அந்தம்மா நாற்காலியிலிருந்தே சொன்னார். நான் செய்யவில்லை.

அப்பா அன்றைக்குக் கேட் வாசலிலேயே நின்றிருந்தார். மரத்தை இறக்கி அந்தச் சதுரத்தில் வைத்தபோது அவர் மண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கினார். அம்மா சூடம் காட்டினார்.

இரண்டு மாதம் ராப்பகலாகப் பார்த்துக்கொண்டேன். ஐந்து இலை நாலாயிற்று, நாலு மூன்றாயிற்று. புதிதாக ஒன்றும் விரியவில்லை. குருத்து மட்டும் ஈட்டி மாதிரி அப்படியே நின்றது. வேறு வழி தெரியாமல் சமையல் கட்டிலிருந்து ஒரு கை கல் உப்பை எடுத்து வந்து குருத்தடியில் வைத்தேன். அந்த ஒரு தடவைதான் அதைப் பிழைக்க வைக்க உப்பு வைத்தேன். அந்தம்மாவிடம் போய்க் கேள், அவருக்குத் தெரியும் என்று அம்மா சொன்னார். செத்தாலும் போக மாட்டேன் என்றேன். ஒரு காலையில் குருத்தைத் தொட்டேன். அது கையோடு வந்துவிட்டது. அடிப்பாகம் அழுகி நாற்றமடித்தது. ஒரு வாரம் கழித்து மழை பிடித்துக்கொண்டது, அந்த வருஷம் நல்ல மழை.

அந்தம்மா என்னிடம் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மை சொன்னார். நான் நம்ப மாட்டேன் என்று தெரிந்து சொன்னாரா, மரம் பிழைக்கட்டும் என்று சொன்னாரா, எனக்கு இன்றுவரை தெரியாது.

தெரு வேலை தொடங்கியபோது மறுபடி அங்கே போக வேண்டி வந்தது. காம்பவுண்ட் சுவரை இடித்துத் தள்ளியிருந்தார்கள். நான் கிழித்த ஆணிக் கோடுகள் செங்கல் குவியலில் எங்கேயோ கிடந்திருக்கும். அந்தம்மா அதே நாற்காலியில் இருந்தார். குருத்து வந்ததா என்று கேட்டார்.

"வந்துச்சு அத்தை. ரெண்டு இலை விரிஞ்சிருக்கு."

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. நன்றாக இருக்கட்டும் என்றார். "ஒரு நா வந்து பாக்கறேன். எம் பையன் கூட்டிக்கினு வருவான்" என்றார்.

அன்று சாயங்காலமே வேளச்சேரிப் பக்கம் ஒரு நர்சரிக்குப் போய், அதே உயரத்தில், அதே பருமனில் ஒரு பாட்டில் பாம் வாங்கி வந்தேன். செத்ததைத் தோண்டி எடுத்துவிட்டு, அதே சதுரத்தில் நட்டேன். மரத்தைத் தெரிந்த பொம்பளை, சுலபத்தில் ஏமாற மாட்டார் என்று, பழைய டின்னின் துருச் சட்டத்தை அதன் காலடியில் பாதி தெரிகிற மாதிரி புதைத்து வைத்தேன். அவர் வருகிற அன்று மரம் வாடியிருக்கக் கூடாது என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஓலை துடைத்தேன். வண்டு ஏறக் கூடாது என்று உப்பு வைத்தேன்.

அவர் வரவில்லை. அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நீங்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறீர்களே, அது அந்த நர்சரி மரம்தான். இப்போதும் வாரம் தவறாமல் துடைக்கிறேன், உப்பு வைக்கிறேன். கேட் சத்தம் கேட்டால் முதலில் என் கண் அதன் குருத்துக்குத்தான் போகிறது.